பழைய கேபினெட் டேபிள் சா வாங்கப் போகிறீர்களா? ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்திலிருந்து ஒரு அனுபவம்

மதுரைப் பக்கம் மூடிவிட்ட ஒரு கதவு ஜன்னல் பட்டறையிலிருந்து பழைய கேபினெட் டேபிள் சா (இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்த மேசை ரம்பம்) ஒன்றை 62,000 ரூபாய்க்கு வாங்கினேன். 10 அங்குல பிளேடு, 3 எச்.பி. மோட்டார், கனத்த வார்ப்பிரும்பு மேல்தளம். மண்டபத்தில் என் பட்டறைக்கு வந்து அது ஒரு பலகையை ஒழுங்காக அறுத்தபோது மூன்று மாதம் ஓடியிருந்தது, மொத்தச் செலவு 1,02,400 ஆகியிருந்தது. செலவில் பாதிக்கு மேல் எப்படியும் ஆகியிருக்கும், அதைப் பற்றிக் குறையில்லை. ஆனால் இரண்டு மாதம் என் அவசரத்தால் போனது. மிஷினில் பெரிய கோளாறு இல்லை, நான் வேலை செய்த வரிசைதான் கோளாறு. துருவில் ஆரம்பித்து, பலகையை ஒட்டித் தள்ளும் சட்டமான ஃபென்ஸுக்குத் தாவி, எல்லாம் தப்பாக வந்த பிறகுதான் பேரிங்கைப் பார்த்தேன். அதனால் செய்ததையே மறுபடி செய்ய வேண்டியிருந்தது. கேட்டுக்கொள்ளப் பக்கத்தில் ஆளில்லை. இங்கே ஆசாரிமார் பலரும் கையில் பிடிக்கும் ரம்பத்தையோ, அதையே பலகைக்கடியில் கவிழ்த்து மாட்டியதையோதான் வைத்திருக்கிறார்கள்.

முதலில் வாங்கும் இடம். பிளேடையும் அது மாட்டிச் சுழலும் தண்டான ஆர்பரையும் தாங்கி, சாய்க்கவும் ஏற்றி இறக்கவும் உதவும் வார்ப்பிரும்பு அமைப்பை ட்ரனியன் என்பார்கள். கேபினெட் ரகத்தில் அது கீழே இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கும், மேல்தளம் தனியாக மூன்று நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். சின்ன ரக மிஷின்களில் ட்ரனியன் மேல்தளத்தின் அடியிலேயே தொங்கும். டார்ச் அடித்துக் கீழே பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியே ட்ரனியனில் முடிக் கீறலாக விரிசல் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். விரிசல் இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம், வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து நம்புவது கஷ்டம். இரண்டு கைச்சக்கரத்தையும் கடைசி வரை சுற்றிப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆர்பரைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். விரலில் மணல் நெருடுவது போல இருந்தால் பேரிங் போய்விட்டது. நான் இதையெல்லாம் செய்யவில்லை. ஓடவிட்டுச் சத்தம் கேட்டேன், சத்தம் நன்றாக இருந்தது, காசைக் கொடுத்தேன். மூன்று பெல்ட் ஓடும் இரைச்சலில் பேரிங்கின் முனகல் அமுங்கிப்போகும் என்பது அப்போது தெரியாது. வெர்னியர் ஒன்றையும் எடுத்துப் போங்கள். ஆர்பர் தடிமன் மிஷினுக்கு மிஷின் மாறும். என்னுடையது 25.4 மி.மீ., நான் அளக்காமல் வாங்கிய பிளேடின் துளை 30. நடுவே போட வளையம் கிடைக்கிறது. ஆனால் வளையம் பிளேடுத் தகட்டைவிடத் துளிகூடத் தடியாக இருக்கக்கூடாது, இருந்தால் பிளேடை இறுக்கிப் பிடிக்கும் தட்டான ஃபிளாஞ்ச் வளையத்தைத்தான் பிடிக்கும், பிளேடைப் பிடிக்காது. எனக்குக் கிடைத்தது தடியாக இருந்ததால் கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்து மெலியவைத்தேன்.

ஏற்றி வருவதற்கு முன் மேல்தளத்தைக் கழற்றிவிடுங்கள். முழுதாக ஏற்றினால் இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும், எல்லாரும் கைக்கு வாகாக ஃபென்ஸ் கம்பியைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், அது வளையும். எனக்கு இதை ஏற்றுகூலிக்காரர்களே சொன்னார்கள். குட்டி யானையில் மேல்தளம் தனியாக, பெட்டி தனியாக வந்தது. தளத்தைத் தூக்கியபோது பின்பக்க இரண்டு போல்ட்டுக்கடியிலிருந்து மெல்லிய பித்தளைத் துண்டுகள் நான்கு கீழே விழுந்தன. நகம் அளவுதான் இருக்கும், மரத்தூளும் பிசினும் ஒட்டிக் கறுத்துப்போயிருந்தன. குப்பை என்று நினைத்துக் காலால் ஒதுக்கிவிட்டேன். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் மேல்தளத்தைக் கழற்றினால், எந்த மூலையில் என்ன தகடு எத்தனை இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்து, மூலைக்கு ஒரு தீப்பெட்டியில் போட்டு எழுதி வையுங்கள்.

இனி துரு. மண்டபத்தில் ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். வாடை அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணையிலிருந்து உப்பு வரும், கச்சான் அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாவிலிருந்து வரும். ஜன்னலை எந்தப் பக்கம் வைத்தாலும் தப்ப வழியில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படியும் நான் செய்த முதல் காரியம் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான். இரண்டு நாள் தேய்த்தேன், தளம் பளபளவென்று வந்தது, மெழுகு போட்டேன். நாலாம் நாள் காலையில் மெழுகுக்கு அடியிலிருந்தே பழுப்புப் புள்ளிகள் முளைத்திருந்தன. காரணம் எளிது. துருவின் குழிகளுக்குள் இருக்கும் உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்கும்போது துரு போகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. மேலே மெழுகு பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும்.

இரும்பில் தண்ணீரா என்று மனசு கேட்காது. ஆனாலும் கழுவத்தான் வேண்டும். முதலில் சவரப் பிளேடைத் தட்டையாகப் பிடித்து மேல் துருவைச் சுரண்டுங்கள். பிறகு வெந்நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, நைலான் பிரஷ்ஷால் குழி குழியாகத் தேய்த்து, வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். இதற்கு வீட்டு போர் தண்ணீர் ஆகாது. எங்கள் பக்கம் அதுவே பாதி உப்பு. நான் குடிக்க வாங்கும் நல்ல தண்ணியில் நாலு குடம் செலவழித்தேன், வீட்டில் திட்டும் வாங்கினேன். அலசியவுடன் துணியால் ஒற்றி, வெயிலில் தளம் சுடும்வரை காயவைக்க வேண்டும். காய்வதற்குள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு படரும், பயப்படாதீர்கள், கையால் தேய்த்தாலே போகும். அதன் பிறகுதான் மரக்கட்டையில் உப்புத்தாள் சுற்றி 220, 320, 400 என்று நீளவாக்கில் தேய்ப்பது. அன்று ராத்திரி ஒன்றும் பூசாமல் விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். எங்கே புள்ளி வருகிறதோ அங்கே இன்னும் உப்பு இருக்கிறது, அந்த இடத்தை மட்டும் மறுபடி கழுவுங்கள். எனக்கு மூன்று கழுவலில் நின்றது.

கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் மாட்டித் தேய்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு பிடிவாதமான கறைக்காக நான் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் பிடித்தேன். நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்தால் அங்கே 0.18 மி.மீ. பள்ளம். மர வேலைக்கு அது தாங்கும், ஆனால் கண்ணுக்குத் தினமும் தெரிகிறது.

பேரிங்குக்கு வருகிறேன். துரு முடிந்த கையோடு நான் ஃபென்ஸைச் சரிசெய்ய உட்கார்ந்து ஒரு வாரம் போராடினேன். காலையில் சரியாக இருக்கும், சாயங்காலம் 0.2 மி.மீ. தள்ளியிருக்கும். நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வாங்கி ஆர்பர் ஃபிளாஞ்சின் முகத்தில் வைத்துக் கையால் சுழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. முள் 0.11 மி.மீ. ஆடியது. ஃபிளாஞ்சின் ஆரம் 30 மி.மீ., பிளேடின் ஆரம் 127. அப்படியென்றால் ஃபிளாஞ்சில் இருக்கும் ஆட்டம் பல்லின் நுனியில் நாலு மடங்குக்கு மேல் ஆகும். அரை மில்லிமீட்டர் அலைகிற பிளேடுக்கு நான் ஃபென்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! ஃபிளாஞ்சில் 0.03-க்குள் இருந்தால் நிம்மதி, 0.05-ஐத் தாண்டினால் வேறு எதையும் தொடாதீர்கள்.

பழைய பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும், அதே எண்ணில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்.எஸ். ரகமாகக் கேளுங்கள். இரும்பு மூடி போட்ட இசட் இசட் ரகத்தில் இடைவெளி வழியாக மரத்தூளும் உப்பு ஈரமும் உள்ளே போகும். ஆர்பரைக் கழற்றியதும் நானே மாட்டலாம் என்று சுத்தியலால் வெளிவளையத்தில் நாலு தட்டு தட்டினேன். லேத் பட்டறை அண்ணன் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, புது பேரிங்க பழசாக்கிட்டுக் கொண்டாந்துருக்கீங்க" என்றார். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில்தான் அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அடி முழுக்க குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் தழும்பு விழும். வேறு ஜோடி வாங்கி, அவரே பிரஸ்ஸில் வைத்து ஏற்றிக் கொடுத்தார். ஃபிளாஞ்ச் முகத்தில் இருந்த துருத் திட்டையும் லேத்தில் ஒரு மயிரிழை சீவினார். ஆட்டம் 0.02-க்கு வந்தது. இந்த வேலையை முதல் வாரத்திலேயே செய்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

பெல்ட் மூன்றில் ஒன்றுதான் வெடித்திருந்தது, ஆனாலும் மூன்றையும் சேர்த்து, ஒரே அளவு செட்டாக மாற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் புதுசே எல்லாப் பாரத்தையும் இழுக்கும். மோட்டார் புல்லியும் ஆர்பர் புல்லியும் ஒரே நேரில் இருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கவும். என் மோட்டார் 2,880 சுற்று, புல்லிகள் 125-க்கு 90, ஆகவே ஆர்பர் 4,000 சுற்று ஓடும். நீங்கள் வாங்கும் பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் உங்கள் கணக்கைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

அதிகம் சுட்டது மோட்டார்தான். என் பட்டறையில் சிங்கிள் பேஸ் இணைப்பு, மோட்டாரோ த்ரீ பேஸ் 415 வோல்ட். சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கித் தரும் வி.எஃப்.டி. ஒன்றை 14,500-க்கு வாங்கி மாட்டினேன். ஓடியது. மெல்லிய பலகையை அறுத்தது. இரண்டு அங்குல வேப்பம் பலகையைத் தள்ளியதும் முக்கியது, நின்றது, நான் விடாமல் மறுபடி மறுபடி தள்ளினேன், மூன்றாம் நாள் புகை வந்தது. காயில் கட்ட 5,200 ரூபாய். நடந்தது என்னவென்றால், 230 வோல்ட் உள்ளே வாங்கும் சாதாரண வி.எஃப்.டி. மூன்று பேஸாக வெளியே கொடுப்பதும் 230 தான், 415 அல்ல. என் மோட்டார் ஸ்டாரில், அதாவது மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாக முடிந்து, கட்டியிருந்தது. ஸ்டாரில் 230 கொடுத்தால் இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும். டெர்மினல் பெட்டியைத் திறந்து, ஆறு முனை இருந்தால், மூன்று முனையைக் குறுக்கே சேர்க்கும் பித்தளைப் பட்டையை எடுத்துவிட்டு, மேலும் கீழுமாக மூன்று பட்டை போட்டால் அது டெல்டா. அப்போது அதே 3 எச்.பி. 230-இல் கிடைக்கும். மூன்று ஒயர்தான் வெளியே வந்திருக்கிறது என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளே இருக்கிறது, காயில் கட்டுகிறவர் பிரித்து வெளியே எடுத்துத் தருவார். டெல்டாவில் கரண்ட் ஸ்டாரைவிட 1.73 மடங்கு. என் மோட்டாருக்கு 4.7 ஆம்பியர் 8.1 ஆனது. வி.எஃப்.டி.யில் மோட்டார் கரண்ட்டை அந்த அளவுக்கு அமைத்துவிட்டால், முக்கினால் அதுவே நிறுத்திவிடும். நான் அமைக்காமல் விட்டதால்தான் கருகியது.

ரொம்ப நாள் சும்மா கிடந்த மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்குமுன் காயிலின் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம், வெயிலில் காயவைத்துவிட்டு மறுபடி பார்க்கலாம். இன்னொன்று, முதன்முதலில் ஓட்டும்போது பிளேடு மாட்டாமல், ஆர்பர் நட்டையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்கள். த்ரீ பேஸில் சுற்றும் திசை ஒயரைப் பொறுத்தது. தலைகீழாகச் சுற்றினால் நட்டு தானாகக் கழன்று பிளேடோடு கிளம்பும். திசை தப்பாக இருந்தால் மோட்டார் பக்கத்து ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் போதும். வி.எஃப்.டி.யில் நிறுத்தும் நேரத்தை எட்டு நொடிக்குக் குறையாமல் வையுங்கள், சட்டென்று பிரேக் பிடித்தாலும் நட்டு தளரும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாதபடி அமைக்க வேண்டும். நேரடி த்ரீ பேஸ் இணைப்புள்ளவர்கள் இதற்காகவே வெறும் சுவிட்ச் இல்லாமல் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போடட்டும்.

சாய்க்கும் பல்சக்கரங்களில் பிசினும் தூளும் இறுகிக் கல்லாகியிருக்கும். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் போதும். சுத்தமானதும் கிரீஸ் மட்டும் வேண்டாம், தூளைப் பிடித்து ஒரு மாதத்தில் சேறாக்கும். கிராஃபைட் தூளோ மெழுகோ தேயுங்கள். 90 டிகிரியிலும் 45 டிகிரியிலும் நிறுத்தும் போல்ட்டுகளின் முனையில் ஒட்டிய தூளையும் சுரண்டிவிடுங்கள். அதை விட்டுவிட்டு போல்ட்டைத் திருகிக்கொண்டே இருந்தால் கோணம் தினம் ஒன்றாக வரும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நேர் பார்ப்பது. மேல்தளத்தில், பலகையைக் கோணம் வைத்துத் தள்ளும் மைட்டர் ஓடும் காடிதான் எல்லாவற்றுக்கும் தாய் அளவு. காடியில் ஆடாமல் ஓடும் ஒரு மரச்சட்டத்தில் டயல் கேஜைப் பொருத்துங்கள். பிளேடை முழுக்க ஏற்றி, ஒரு பல்லுக்கு மார்க்கரில் புள்ளி வைத்து, அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து அளந்து, பிளேடைச் சுழற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் அளக்க வேண்டும். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் நெளிவையும் சேர்த்து அளந்ததாகிவிடும். எனக்கு 0.35 வித்தியாசம் இருந்தது. ஒரு போல்ட்டை லேசாக இறுக்கியபடி விட்டு, மற்றதைத் தளர்த்தி, தளத்தின் ஓரத்தில் மரச்சுத்தியால் தட்டித் தட்டி 0.04-க்குக் கொண்டுவந்தேன். கேபினெட் ரகத்தின் சுகம் இதுதான். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இறுக்கிய பிறகு மறுபடி அளங்கள். இறுக்கும்போது நிச்சயம் நகரும்.

சந்தோஷமாகப் பிளேடை 45-க்குச் சாய்த்து அளந்தால், 200 மி.மீ. நீளத்தில் 0.25 தள்ளியிருந்தது. நேராக நிற்கும்போது சரி, சாய்த்தால் தப்பு. தட்டிச் சரிசெய்தால் நேரில் கெடும். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சாய்வு அச்சும் மேல்தளமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல், தளம் முன்னுக்கோ பின்னுக்கோ சரிந்திருந்தால் இப்படி வரும். மருந்து, முன் ஜோடி போல்ட்டுக்கோ பின் ஜோடிக்கோ அடியில் தகடு. எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 45 டிகிரியில் தெரியும் வித்தியாசத்தை அளந்த நீளத்தால் வகுத்து, முன் பின் போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தால் பெருக்குங்கள். எனக்கு 0.25-ஐ 200-ஆல் வகுத்து 480-ஆல் பெருக்கினால் 0.6 மி.மீ. முதலில் முன்னால் வைத்தேன், வித்தியாசம் இரட்டித்தது, எடுத்துப் பின்னால் வைத்தேன், சரியாகிவிட்டது. கடையில் கிடைத்தது 0.3 பித்தளைத் தகடு. ஒரு மூலைக்கு இரண்டு வீதம் வெட்டினேன். நான்கு துண்டு, பின்பக்க இரண்டு போல்ட்டுக்கடியில். வெட்டி முடித்துக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் அன்று மதுரையில் காலால் ஒதுக்கியது ஞாபகம் வந்தது. (அவசரத்துக்குக் குளிர்பான அலுமினியக் கேனை வெட்டினால் ஏறக்குறைய 0.1 மி.மீ. தகடு கிடைக்கும்.)

ஃபென்ஸ் இதற்குப் பிறகு அரை மணி நேர வேலை. காடிக்கு இணையாக வையுங்கள், அல்லது பின்முனை 0.1 விலகியிருக்கட்டும். பின்முனை பிளேடை நோக்கி நெருங்கவே கூடாது, நெருங்கினால் பலகை பிளேடின் பின்பக்கப் பல்லில் நசுங்கி உங்கள் மேல் பாயும். பழைய மிஷின்களில் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுக்கத்தி பெரும்பாலும் தொலைந்திருக்கும். என்னுடையதிலும் இல்லை. பிளேடின் தகடு 2.2, அறுக்கும் அகலம் 3.2. கத்தி இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும், 2.5 மி.மீ. எஃகுத் தகட்டில் வெட்டிக்கொண்டேன். பல்லுக்கும் அதற்கும் 3 முதல் 8 மி.மீ. இடைவெளி. இது இல்லாமல் வேப்பமரமோ சீமைக்கருவேலமோ அறுக்காதீர்கள். அந்த மரங்கள் அறுக்க அறுக்கவே உள்முறுக்கில் வாயை மூடிப் பிளேடைக் கவ்வும். பனஞ்சட்டம் கவ்வாது, ஆனால் அந்தக் கறுப்பு நாரில் இருக்கும் சிலிக்கா பல்லின் முனையைத் தின்றுவிடும். பனைக்கென்று பழைய பிளேடு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

மெழுகு விஷயத்தில், சிலிக்கான் கலந்த ஸ்பிரேக்கள் வேண்டாம். மரத்தில் ஒட்டி, பிறகு பாலிஷ் பிடிக்காமல் கண் கண்ணாக விலகும். தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து மாதம் இரண்டு தடவை பூசுகிறேன், வாடைக் காலத்தில் வாரம் ஒரு தடவை. மூடி வைக்கப் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டுப் பார்த்தேன், காலையில் தூக்கினால் உள்பக்கம் வியர்த்துத் தளத்தில் சொட்டியிருந்தது. இப்போது தளத்தின் மேல் பழைய பருத்தி வேட்டி, அதன் மேல் தளத்தின் அளவுக்கே வெட்டிய பிளைவுட். இத்தனை செய்தும் ஒரு இடத்தை மறந்திருந்தேன். பிளேடை ஆறு வாரம் கழற்றாமல் விட்டதில் ஃபிளாஞ்சுக்கும் பிளேடுக்கும் நடுவே மறுபடி ஒரு துரு வளையம், ஆட்டம் 0.06. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பிளேடைக் கழற்றி, இரண்டு முகத்தையும் துடைத்து, மெழுகை விரலால் ஒரு சுற்றுத் தடவி, துணியால் முழுக்க ஒற்றியெடுத்துவிட்டு மாட்டுகிறேன். பத்து நிமிடம்தான் ஆகிறது.